இரண்டு காப்பு

சாயங்காலக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மைனியின் பொருட்களைப் பார்ப்பது அபிநயாவுக்கு வழக்கமாகிவிட்டது. போனைத் திறந்தால் தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தின் வரைபடம் வரும். அதில் மைனியின் அறை. அறைக்குள் பச்சைப் புள்ளிகள். மூக்குக்கண்ணாடி மேசைமேல் இருக்கிறது. பல்செட் கிண்ணத்தில் இருக்கிறது. சால்வை நாற்காலியில், செருப்பு கட்டிலுக்கு அடியில். ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்போது காப்பியும் முடிந்திருக்கும். தூத்துக்குடி வீட்டில் அவள் தனியாள். அந்த நேரத்தில் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

இந்த நிம்மதி சும்மா வந்ததல்ல. அண்ணன் செந்தில்வேல் இறந்தபின் அவன் மனைவி, இவளுடைய மைனி எழிலரசிக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. அண்ணன் மகன் ஆதவ் பின்லாந்தில் இருந்தான். அவன் பணம் அனுப்ப, அபிநயா இடம் பார்த்து மைனியைச் சேர்த்தாள். சேர்த்த முதல் வருஷம் முழுக்கச் சண்டைதான். காதுமெஷின் காணாமல் போயிற்று. சலவைக்குப் போன சேலைகள் திரும்பவில்லை. ஒருமுறை போனபோது மைனி யாருடைய நைட்டியிலோ உட்கார்ந்திருந்தாள். மைனியின் கண்ணாடி எதிர் அறைப் பெரியவரின் மூக்கில் இருந்தது. கேட்டால் அங்கிருந்தவர்கள், "வயசானவங்க, மாத்திக்கிடுவாங்கம்மா" என்றார்கள்.

பிறகுதான் எள்ளு வந்தது. எள் அளவுக்கு ஒரு சில்லு. அதனால் அந்தப் பெயர். சேலை ஓரத்தில், கண்ணாடிக் காம்பில், செருப்பு வாரில், ஒவ்வொரு பொருளிலும் ஒன்று ஒட்டியிருக்கும். ஆளுக்கு மணிக்கட்டில் ஒரு காப்பு. எந்தப் பொருள் எந்தக் காப்புக்குச் சொந்தம் என்று இல்லத்தின் கணினிக்குத் தெரியும். பொழுது சாயும்போது ஒரு தள்ளுவண்டி தானாக உருண்டு வந்து, இடம் மாறிக் கிடக்கும் பொருட்களைப் பொறுக்கிக்கொண்டு போய், உரிய காப்பு இருக்கும் அறையில் வைத்துவிடும். கேமரா எங்கேயும் கிடையாது. எங்கள் தாய் உடை மாற்றுவதைப் படம் பிடிக்காதே என்று சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டு வாங்கிய சட்டம் அது. ஆகவே அங்கே மனிதர்களை யாரும் கண்காணிப்பதில்லை. பொருட்களைத்தான்.

காப்பில் சின்னதாக ஒரு ஒலிபெருக்கியும் உண்டு. பொருட்களைப் பார்த்து முடித்ததும் அபிநயா அதில் ஏதாவது பேசி அனுப்புவாள். "மைனி, இன்னைக்கு நல்லா நடந்திருக்கீங்க. இங்க மழையக் காணோம். மாங்கா ஊறுகாய் போட்டேன், உப்பு கூடிப்போச்சு." பதில் வராது. 'கேட்டாச்சு' என்று ஒரு குறி மட்டும் விழும். அது போதுமானதாக இருந்தது.

ஏழெட்டு மாதமாக ஒரு ஆச்சரியம் நடந்துகொண்டிருந்தது. வெயில் ஏறும் முன் எழுந்து பழக்கமே இல்லாத மைனி, விடியும்போது தோட்டத்தில் நடந்தாள். செருப்பும் சால்வையும் காப்பும் சேர்ந்து ஒரே சீராக வட்டம் போட்டன. பொருட்கள் எதுவும் இடம் மாறவில்லை. அடுத்தவர் பொருள் எதுவும் மைனியின் அறையில் கிடக்கவில்லை. ஆதவிடம் சொன்னாள். "அம்மா தேறிட்டாங்களா அத்தை?" என்று இரண்டு முறை கேட்டான்.

தைப்பொங்கலுக்குப் போனவள்தான் அபிநயா, பிறகு போகவில்லை. முதலில் முட்டிவலி, அப்புறம் வேறேதோ. போய்ப் பார்க்க என்ன இருக்கிறது, எல்லாம்தான் தெரிகிறதே என்று கடைசியில் ஆகிவிட்டது.

ஆவணி பிறந்ததும் இல்லத்திலிருந்து கவின் கூப்பிட்டான். மூன்று மாதம் முன்பு வந்த புது மேலாளர். "நல்ல சேதி மேடம். உங்க மைனியோட பதிவு ரொம்ப நல்லா இருக்கு. முன்பக்கத்துல தனி வீடு கொடுக்கலாம்னு கணினி சொல்லுது. தோட்டத்தப் பாத்த வீடு. பாதுகாவலர் நேர்ல வந்து ரேகை வைக்கணும்."

மறுநாளே அபிநயா பஸ் ஏறினாள்.

கவின் சின்னப் பையன், முப்பது இருக்கும். அவளை உட்காரவைத்து மைனியின் பதிவைக் காட்டினான். ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. "இப்படி ஒண்ண நான் பாத்ததில்ல மேடம். மறதி வந்தவங்க இறங்குவாங்க, ஏற மாட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒரு விஷயம். பக்கத்து ரூம் டெய்சிராணி அம்மாவை நாளைக்கு உள்வளாகத்துக்கு மாத்துறோம். ரெண்டு பேரும் சிநேகம். உங்க மைனிக்கு வருத்தமா இருக்கும். நீங்க இருக்கும்போதே பக்குவமா சொல்லிருங்க."

"உள்வளாகம்னா?"

"பூட்டுன வார்டு. அந்தம்மா ரூம்ல தினம் அடுத்தவங்க சாமான் கிடக்குது. ராத்திரி கண்ட நேரத்துக்கு நடக்காங்க. அங்க போனா சொந்தப் பொருள் கிடையாது. துணி, தட்டு எல்லாம் பொது. காப்புல பேச்சும் கிடையாது, குழம்புவாங்கன்னு."

"அவங்க வீட்டு ஆளுங்க?"

"யாரும் இல்ல மேடம். ஆள் இருந்தா மறுக்கலாம். இல்லைன்னா கணினி சொல்றதுதான்."

பாவம், என்று நினைத்துக்கொண்டு அபிநயா எழுந்தாள். போனில் மைனியின் புள்ளி தோட்டத்தில் இருந்தது.

வேப்பமரத்தடி பெஞ்சில் பச்சைச் சால்வை தெரிந்தது. மைனியின் சால்வை. அபிநயா வாங்கிக் கொடுத்தது. "மைனி" என்று கூப்பிட்டுக்கொண்டே முன்னால் போனாள். சால்வைக்குள் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். ஒடிசலான தேகம், நேரான முதுகு, குட்டையாக வெட்டிய நரைமுடி. அபிநயா அந்த முகத்தை வாழ்நாளில் பார்த்ததில்லை.

காலில் மைனியின் செருப்பு. கையில் மைனியின் காப்பு.

அந்த அம்மாள் எழுந்து நின்றாள். பயப்படவில்லை. வெகுநாள் எதிர்பார்த்த பஸ் வந்துவிட்டதைப் போலத்தான் பார்த்தாள்.

"அபிதான?" என்றாள். "குரல வச்சு வேற மாதிரி நெனச்சிருந்தேன். கொஞ்சம் குண்டா."

"எங்க மைனி எங்க?" என்று அபிநயா கேட்டாள்.

"ரூம்ல இருக்கா. என் ரூம்ல. வாங்க."

கதவில் டெய்சிராணி என்று பெயர் இருந்தது. உள்ளே மைனி கட்டிலில் உட்கார்ந்து, மடியில் கரண்டிகளையும் யாருடையதோ துண்டையும் ஒரு ஆண்பிள்ளைச் செருப்பையும் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். கண்ணில் பழைய குறும்பு மட்டும் அப்படியே இருந்தது. நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்துட்டா பாரு நாட்டாமை. கைய வீசிக்கிட்டு வந்திருக்கா. ஒரு பூவு, பழம் கிடையாது."

உண்மைதான். அவசரத்தில் ஒன்றும் வாங்கி வரவில்லை.

"எப்படி இருக்கீங்க மைனி?"

"எனக்கென்ன. இவதான் ஓடிக்கிட்டே இருக்கா, விடிஞ்சா போதும்" என்று டெய்சிராணியைக் காட்டிவிட்டு, மறுபடி கரண்டிகளை எண்ண ஆரம்பித்தாள்.

அபிநயா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏழெட்டு மாதம் சாயங்காலந்தோறும் தான் பார்த்தது யாரை என்று அவள் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டாள். புரிந்த பிறகும் கோபம் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் வேறேதோ நின்றது.

"இங்க இருக்கவங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

"யாருக்கு? வேலை பாக்க வாரவங்க பதினஞ்சு நாளைக்கு ஒருக்க மாறுதாங்க. பாஷையும் தெரியாது. வந்ததும் காப்பத்தான் பாப்பாங்க, மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. பதிவுல இருக்கற படமும் பழசு. கிழவி ஆனபொறவு எல்லாம் ஒரே சாயல்தான?"

"எதுக்கு மாத்துனீங்க?"

டெய்சிராணி சன்னலோரம் நின்றபடியே சொன்னாள். "நீங்க கருப்பட்டி மிட்டாய் அனுப்பியிருந்தீங்க, ஞாபகம் இருக்கா? அதச் சின்னச் சம்படத்துல போட்டு எனக்குக் குடுத்தா. நான் தின்னேன். சம்படத்தக் கழுவி வச்சு, மறுநாள் தோட்டத்துல நாலு கொய்யாக்காய் பறிச்சுப் போட்டுக் குடுக்கலாம்னு இருந்தேன். சாயங்காலம் வண்டி வந்துச்சு. அது அவ சம்படம்லா, எடுத்துட்டுப் போயி அவ ரூம்ல வச்சிருச்சு. வெறும் சம்படம்."

அபிநயா தலையசைத்தாள். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் தூத்துக்குடியிலும் இல்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள்.

"அழுதா பாருங்க, அப்படி அழுதா. வெறுஞ்சட்டியத் திருப்பி அனுப்பிட்டியே, நான் என்ன குத்தம் செஞ்சேன்னு. எல்லாத்தையும் மறப்பா, அத மறக்க மாட்டேங்கா. மறுநாளும் ஏதோ போட்டுக் குடுத்தா. வண்டி மறுபடி வெறுஞ்சட்டியக் கொண்டு வச்சுது. வண்டிகிட்ட சண்டை போட முடியுமா? அப்பம்தான் யோசிச்சேன். அவ காப்பு என் கையில இருந்தா, சம்படம் எங்கிட்டயே இருக்கும்லா. நான் தோதுப்பட்டபோது நெறச்சுக் குடுக்கலாம். சாமானெல்லாம் காப்பு பின்னாலயே வந்துரும்லா, அதனால ரூமையும் மாத்திக்கிட்டோம்."

"காப்பக் கழட்ட முடியாதே."

"ஒத்தையில முடியாது. ரெண்டு கை வேணும். ஒருத்தருக்கொருத்தர் கழட்டி விட்டா வந்துரும். செஞ்சவனுக்கு அது தோணல போலுக்கு, இங்க ரெண்டு பேரு சேந்து ஒரு வேலை செய்வாங்கன்னு."

"அந்தச் சம்படத்தக் குடுத்தப்புறம் திரும்ப மாத்தியிருக்கலாமே."

"மறுநாளே மாத்தத்தான் இருந்தேன்" என்றாள் டெய்சிராணி. கையிலிருந்த காப்பைத் திருப்பிவிட்டுக்கொண்டாள். "அன்னைக்குச் சாயங்காலம் காப்பு பேசிச்சு. மைனின்னு கூப்பிட்டுச்சு."

வெளியே வண்டி எங்கோ உருளும் சத்தம் கேட்டு அடங்கியது.

"நான் நாசரேத்துப் பக்கம் பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சரா இருந்தவ. ஒத்தப் பிள்ளை. கல்யாணம் கட்டல. டீச்சர், மிஸ்னு ஆயிரம் பிள்ளைக கூப்பிட்டிருக்கு. மைனின்னு ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. நீங்க நல்லா நடந்தீங்கன்னு சொன்னீங்க. அன்னைக்கு நான் பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும்தான் நடந்திருந்தேன். அதையும் ஒரு ஆளு பாத்திருக்காங்களேன்னு ஆயிப்போச்சு. மறுநாள் விடியக் காலமே எந்திரிச்சு நடந்தேன். யாரோ பாக்காங்கன்னா நடக்கத் தோணுதுல்லா."

"மாத்திரை?" என்று அபிநயா கேட்டாள். அவள் குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. "மைனிக்குச் சுகர் இருக்கு."

"ரெண்டு பேருக்கும் குடுக்கற மாத்திரையப் பிரிச்சு, அவளுக்குள்ளத நான்தான் கையில குடுத்து முழுங்க வைக்கேன். ஒரு வேளை தப்புனதில்ல."

"நாளைக்கு நீங்க காய்ச்சல்ல படுத்துட்டா?"

அது டெய்சிராணிக்கும் தோன்றாததல்ல என்று முகத்தில் தெரிந்தது.

"நாளைக்கு அவளப் பூட்டுன வார்டுக்குக் கொண்டுபோறாங்க, என் பேர்ல" என்றாள். "ரெண்டு நாளா இதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க வரலைன்னா நானே ஆபீசுல போய்ச் சொல்லியிருப்பேன். நீங்க வந்தது நல்லதாப் போச்சு. இப்பமே மாத்திருவோம். உங்க மைனி காப்பு அவ கைக்குப் போயிருச்சுன்னா, நல்ல பதிவும் அவளுக்குப் போயிரும். தோட்டத்தப் பாத்த வீடு. நான் உள்ள போறேன்."

அபிநயா அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். காப்பைச் சரியான கைகளில் மாட்டுவது. அவ்வளவுதான். பொய் என்று ஒரு சொல்கூடச் சொல்ல வேண்டியதில்லை. கவினிடம் போய் ரேகை வைத்தால் முடிந்தது. உண்மையைச் சொன்னால் சிவப்புக் கோடுகள் எல்லாம் மைனியின் பெயருக்கு வரும். பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணன் கண்ணை மூடினான். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஏழெட்டு மாசம் உங்க சாமான நான் பத்திரமா வச்சிருந்தது மாதிரி நெனச்சுக்கிடுங்க" என்று டெய்சிராணி சிரிக்கப் பார்த்தாள். பிறகு மைனியின் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "எழிலு, கழட்டு."

மைனி கரண்டியைக் கீழே வைத்தாள். பழகிய வேலையைப் போல அவள் விரல்கள் கொக்கியைத் தேடின. இவள் அவளுடையதைக் கழற்ற, அவள் இவளுடையதைக் கழற்றினாள். காப்புகள் இடம் மாறின. கழற்றிய இடத்தில் இரண்டு மணிக்கட்டுகளிலும் வெளுத்த தடம் இருந்தது.

அபிநயா எழுந்தாள். கதவுவரை போனவளை டெய்சிராணி கூப்பிட்டாள்.

"அபி, உள்ள காப்பு பேசாதாமே."

"ஆமா."

"நாளைக்குச் சாயங்காலம் என்ன சொல்லுவீங்களோ, அத இப்பமே சொல்லிட்டுப் போறீங்களா? கேட்டுக்கிடுதேன்."

அபிநயா நின்றாள். என்ன சொல்வாள்? மழை பெய்ததா இல்லையா என்று சொல்வாள். ஊறுகாயைப் பற்றி ஏதாவது. ஒன்றும் சொல்லாமல் ஆபீசை நோக்கி நடந்தாள்.

கவின் ரேகைப் பலகையை அவள் பக்கம் தள்ளினான். அவள் அதைத் திருப்பித் தள்ளிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். சம்படத்திலிருந்து ஆரம்பித்தாள். அவன் முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று.

"மேடம், இத நீங்க சொல்லாமலே போயிருக்கலாம்."

"போயிருக்கலாம்."

அவன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான். கணினியில் வெகுநேரம் விதிகளைத் தேடினான். "ரெண்டு பேர் பதிவையும் அழிச்சிட்டு முதல்லருந்து ஆரம்பிக்கணும். தனி வீடு கிடையாது. உள்வளாகத்துக்கு மாத்துறதும் இப்போதைக்கு நின்னுரும். ஆனா பதிவு இல்லாத காலத்துக்கு நேர்ல பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். உறவுக்காரங்க, வாரா வாரம். உங்க மைனிக்கு நீங்க இருக்கீங்க. போன்ல பாத்தேன்னா கணக்கில்ல."

"வாரேன்."

"டெய்சிராணி அம்மாவுக்கு யாரும் இல்லையே. பதிவும் இல்ல, ஆளும் இல்லைன்னா விதிப்படி உள்வளாகம்தான். அவங்க சுயபுத்தியோட இருக்காங்கன்னு எனக்குத் தெரியுது. கணினிக்கு யாராவது சொல்லணும்."

"நான் சொல்லுதேன்."

"உறவா இருக்கணும் மேடம்." அவன் விரல்கள் தட்டுவதற்குத் தயாராக நின்றன. "அவங்க உங்களுக்கு என்ன முறை?"

"மைனி" என்றாள் அபிநயா.

கவின் திரையைப் பார்த்தான். "உங்களுக்கு ஒரே அண்ணன்தான்னு இருக்கு."

"ஒரே அண்ணன்தான். மைனி ரெண்டு."

அவனுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்தான். "அப்ப உங்க அண்ணனுக்கு ரெண்டாவதா... இது குடும்பப் பதிவுல ஏறிடும் மேடம். அழிக்க முடியாது."

"ஏத்துங்க தம்பி. எங்கண்ணன் ஒரு பொம்பளையக்கூட நிமிந்து பாக்காதவன். செத்தபொறவு ஒரு பேரு வந்துட்டுப் போகட்டும்."

"எழிலரசி அம்மா ஒத்துக்கிடணுமே. கேப்போமா?"

"அவங்க காப்பையே கழட்டிக் குடுத்தவங்க. இதுக்கா யோசிப்பாங்க?"

கவின் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டினான். அவள் ரேகை வைத்தாள். இரண்டு முறை.

வராந்தாவுக்கு வந்தபோது வண்டி வேலையைத் தொடங்கியிருந்தது. சால்வையும் செருப்பும் கண்ணாடியும் ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்குப் போய்க்கொண்டிருந்தன. உள்ளே மைனி வண்டியை ஏசிக்கொண்டிருந்தாள். டெய்சிராணி ஏதோ சமாதானம் சொல்லும் குரல் கேட்டது. அபிநயா அந்தப் பக்கம் நடந்தாள்.

பையில் போன் அதிர்ந்தது. பின்லாந்திலிருந்து ஆதவ் எழுதியிருந்தான்.

"அத்தை, இல்லத்துப் பதிவுல எனக்குச் சித்தின்னு ஒருத்தங்களக் காட்டுதே, யாரது?"

அவள் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தட்டினாள்.

"வந்து பாரு."